நெம்மேலிக் கரையிலிருந்து எபிரேயத்துக்கு: வேதாகமத்தை அதன் மொழியிலும் மண்ணிலும் வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில் நெம்மேலி இருக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இங்கே 2013-ல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் அதன் திறன். 2024-ல் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது நிலையமும் வந்தது. கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர், ஆனால் ஒரு வாய் குடிக்க முடியாது என்பது கடலோரத்துக்குப் பழகிய துயரம்.

யாத்திராகமம் 15-ஆம் அதிகாரத்திலும் அதே துயரம்தான். மூன்று நாள் தண்ணீரில்லாமல் வனாந்தரத்தில் நடந்தவர்கள் ஓரிடத்தில் தண்ணீரைக் கண்டார்கள். அது கசந்தது. அந்த இடத்துக்கு மாரா என்று பெயர். இப்போது ரூத்தின் புத்தகத்தைத் திறந்து முதல் அதிகாரத்தின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்து ஊர் திரும்பும் நகோமி, தன்னை இனி மாராள் என்று கூப்பிடச் சொல்கிறாள். மாரா, மாராள் இரண்டும் ஒரே எபிரேயச் சொல். கசப்பு என்பது பொருள். கடைசியில் நிற்கும் 'ள்' தமிழ் சேர்த்தது.

இப்படித்தான் எபிரேயம் நம் தமிழ் வேதாகமத்துக்குள் ஏற்கெனவே குடியிருக்கிறது. அதைக் கண்டெடுக்க நம் கரையோர வாழ்க்கையே பாதித் திறவுகோல். அந்தத் திறவுகோல் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பார்க்கும் பொறுமை மறுபாதி. இந்த வழிகாட்டி இரண்டுக்கும் பழக்கும். போதகராகவோ பண்டிதராகவோ இருக்க வேண்டியதில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்தால் போதும்.

## தொடங்கும் முன்: கையில் என்ன வேண்டும்?

இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகள். ஒன்று, ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871-ல் முழுமையாக வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பு. சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படுவது இதுவே. இன்னொன்று, 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம். இரண்டும் வேறுபடும் இடத்தில்தான் மூலத்தில் ஏதோ சுவையான செய்தி ஒளிந்திருக்கும்.

ஒரு நோட்டுப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு எபிரேயச் சொல்.

ஒரு சொல்லடைவு. 1890-ல் ஜேம்ஸ் ஸ்ட்ராங் வெளியிட்ட அடைவு, பழைய ஏற்பாட்டின் மூலச் சொற்களுக்கு 1 முதல் 8674 வரை எண் கொடுத்தது. இலவச வேதாகமச் செயலிகள் பலவற்றில் ஒரு சொல்லைத் தொட்டால் இந்த எண்ணும் மூலச் சொல்லும் வரும். எபிரேய எழுத்து தெரியாதவரும் இதன் வழியாக ஒரு சொல்லைப் பின்தொடரலாம்.

நாளொன்றுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். அதைத் தவறவிடாமல் இருங்கள்.

## படி 1: எந்த மொழி, எந்த வழி என்று அறியுங்கள்

பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரேயத்தில் எழுதப்பட்டது. தானியேல், எஸ்றா நூல்களின் சில பகுதிகளும் எரேமியாவில் ஒரு வசனமும் அரமேயம். புதிய ஏற்பாடு கிரேக்கம். ஆனால் அதை எழுதியவர்களின் மனத்தில் எபிரேய வேதமே ஊறிக் கிடந்தது.

வேதாகமம் தமிழுக்கு வந்த வழியும் நம் கடற்கரை வழியே. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டையும் தொடங்கினார். ரூத்தின் புத்தகம் வரை வந்திருந்த நிலையில் 1719-ல் இறந்துபோனார். பின்னர் பெஞ்சமின் சூல்ட்சே மீதியை முடித்தார். சென்னையில் பல ஆண்டுகள் உழைத்த பப்ரிசியுஸ் அதை மேலும் செம்மைப்படுத்தினார்.

சீகன்பால்குவின் கை நின்ற அந்த ரூத்தின் புத்தகத்தையே நாம் பயிற்சி நூலாக வைத்துக்கொள்வோம். நான்கு அதிகாரம், 85 வசனம். எபிரேய வாழ்வின் பெரும்பகுதி அதற்குள் அடங்கியிருக்கிறது.

## படி 2: பெயர்களைத் தட்டித் திறவுங்கள்

எழுத்துகளைக் கற்கும் முன்பே செய்யக்கூடிய வேலை இது. எபிரேயப் பெயர்களில் பெரும்பாலானவை பொருள் உள்ளவை.

- பேத் என்றால் வீடு. பெத்தேல், கடவுளின் வீடு. பெத்லெகேம், அப்பத்தின் வீடு.
- பெஏர் என்றால் கிணறு. பெயெர்செபா, ஏழின் கிணறு அல்லது ஆணையின் கிணறு.
- மெலேக் என்றால் அரசன். எலிமெலேக்கு, என் கடவுளே அரசன். அபிமெலேக்கு, என் தகப்பனே அரசன்.
- ஈசாக்கு என்றால் சிரிப்பான். ஆதாம் என்ற பெயர் மண்ணைக் குறிக்கும் அதாமா என்ற சொல்லோடு சேர்ந்து ஒலிக்கும்.

இவற்றோடு ரூத்தின் முதல் இரண்டு வசனங்களை வாசியுங்கள். அப்பத்தின் வீட்டில் பஞ்சம். அரசனில்லாத நியாயாதிபதிகளின் காலத்தில் 'என் கடவுளே அரசன்' என்ற பெயருள்ள மனிதன் ஊரைவிட்டுப் போகிறான். இனிமை என்று பொருள்படும் நகோமி அவன் மனைவி. எபிரேயம் கேட்டவர்களுக்குக் கதையின் வலி பெயர்களிலேயே தொடங்கிவிட்டது. நமக்கு அவை வெறும் பெயர்களாகக் கடந்துபோகின்றன.

பெண் பெயர்களின் முடிவையும் கவனியுங்கள். சாரா நமக்குச் சாராள், ரெபெக்கா நமக்கு ரெபெக்காள். அந்த 'ள்' இல்லாமல் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எபிரேயத்துக்கு ஓரடி நெருங்கியிருப்பீர்கள்.

## படி 3: இருபத்திரண்டு எழுத்துகளோடு பழகுங்கள்

119-ஆம் சங்கீதத்தில் ஆலெப், பேத், கிமெல் என்ற தலைப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அவை எபிரேய எழுத்துகளின் பெயர்கள். மொத்தம் 22 எழுத்து. ஒவ்வொன்றுக்கும் எட்டு வசனம், ஆக 176. ஒவ்வொரு எட்டு வசனமும் அதற்குரிய எழுத்தில் தொடங்கும். ஆத்திசூடியை அகர வரிசையில் மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்தக் கட்டமைப்பின் பயன் உடனே விளங்கும். எழுத்து வரிசை நினைவுக்குப் பிடிகயிறு. புலம்பலின் முதல் நான்கு அதிகாரங்களும், நீதிமொழிகளின் முடிவில் வரும் குணசாலியான பெண்ணின் பாட்டும் இதே அமைப்பில் உள்ளவை.

எபிரேயம் வலமிருந்து இடமாகப் போகும். 22-ம் மெய்யெழுத்துகளே. உயிரொலியை வாசிப்பவர் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் பழைய ஓலைச்சுவடிகளிலும் மெய்யெழுத்தின் மேல் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எது மெய், எது உயிர்மெய் என்று வாசிப்பவரே கண்டுகொண்டார். எபிரேய வாசிப்பும் அப்படித்தான் தலைமுறை தலைமுறையாக வாய்வழியே காக்கப்பட்டது. கி.பி. 6 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்த மசோரெத்தியர் என்ற யூத அறிஞர்கள் அந்த ஒலிகளைப் புள்ளிகளாலும் கோடுகளாலும் குறித்தார்கள். முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எபிரேய வேதப் படியான லெனின்கிராட் சுவடியின் காலம் ஏறத்தாழ கி.பி. 1008. கும்ரான் குகைகளில் 1947 முதல் கிடைத்த சாக்கடல் சுருள்களில் பல அதற்கும் ஓராயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தவை.

வாரத்துக்கு நான்கு எழுத்து எழுதிப் பழகினால் ஆறு வாரத்தில் முடித்துவிடலாம்.

## படி 4: மூன்றெழுத்து வேரைக் கண்டுபிடியுங்கள்

தமிழில் 'நட' என்ற அடியோடு ஒட்டு சேர்த்து நடந்தான், நடப்பு, நடத்தை என்று வளர்க்கிறோம். எபிரேயம் மூன்று மெய்யெழுத்துகளை நட்டு, இடையில் உயிரொலிகளை மாற்றும்.

ம–ல–க என்ற வேரிலிருந்து மெலேக், அரசன். மல்கா, அரசி. மல்கூத், அரசாட்சி. ஷ–ல–ம என்ற வேரிலிருந்து ஷாலோம், நலம். ஷாலேம், முழுமையானது. சாலொமோன், அப்சலோம் என்ற பெயர்களும் இந்தக் குடும்பமே. ஒரு வேரைப் பிடித்தால் பத்துச் சொல் கூடவே வரும்.

## படி 5: ஐந்து சொற்களைத் தொட்டுப் பாருங்கள்

பழைய எபிரேயச் சொற்களில் பல, கையால் தொடக்கூடிய பொருளிலிருந்து கிளம்புகின்றன. நம் மொழிபெயர்ப்புகளில் அவை சில இடங்களில் தத்துவச் சொற்களாகிவிட்டன. மறுபடி மண்ணுக்கு இறக்கிப் பாருங்கள்.

ரூஅஹ். காற்று, மூச்சு, ஆவி மூன்றும் இதுவே. எசேக்கியேல் 37-ல் உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்கில் இந்த மூன்று பொருளும் மாறிமாறி வருகின்றன. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்து, அதைப் பார்த்தே படகு இறக்கும் கரையில், கண்ணுக்குத் தெரியாத ஒன்று எவ்வளவு வல்லமையானது என்று விளக்க வேண்டியதில்லை.

நெபெஷ். ஆத்துமா என்று வாசிக்கிறோம். அதன் அடிப்படைப் பொருள்களில் ஒன்று தொண்டை, கழுத்து. 69-ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தில் வெள்ளம் ஆத்துமா வரை வருகிறது என்று பழைய தமிழில் உள்ளது. கழுத்தளவு தண்ணீரில் மூச்சுக்குத் திணறுகிறவனின் கூப்பாடு அது. 2004 டிசம்பர் 26 காலைச் சுனாமியைக் கண்ட கரை அந்தச் சங்கீதத்தை வேறு யாரையும்விட நன்றாக உணரும். ஆத்துமா என்பது உடம்புக்கு வெளியே மிதக்கும் ஒன்றல்ல. பசிக்கும், தாகிக்கும், மூச்சு வாங்கும் முழு ஆள்.

ஹெவெல். பிரசங்கியில் மாயை என்று வரும் சொல். மூச்சுக்காற்று, ஆவி, புகை என்பது மூலப்பொருள். மாயை என்றதும் நமக்கு உலகம் பொய்த்தோற்றம் என்ற எண்ணம் வரும். பிரசங்கி அதைச் சொல்லவில்லை. இருப்பது உண்மை, ஆனால் கையில் நிற்காது என்கிறான். ஆபேலின் எபிரேயப் பெயரும் ஹெவெல்தான். சீக்கிரம் மறைந்துபோன வாழ்வு.

ஷாலோம். சமாதானம் என்றால் சண்டை இல்லாமை என்று நினைக்கிறோம். ஆதியாகமம் 37-ல் யாக்கோபு, சகோதரர்களின் ஷாலோமையும் ஆட்டு மந்தையின் ஷாலோமையும் பார்த்துவர யோசேப்பை அனுப்புகிறான். நாம் 'வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, மாடு கன்று நல்லா இருக்கா' என்று கேட்பதுபோல. ஒன்றும் குறையில்லாத நலமே ஷாலோம்.

ஹெசெத். 136-ஆம் சங்கீதத்தில் வசனந்தோறும் ஒலிப்பது. பழைய மொழிபெயர்ப்பில் கிருபை, திருவிவிலியத்தில் பேரன்பு. ரூத்தின் புத்தகத்தில் மூன்று இடத்தில் இந்தச் சொல் வருகிறது: 1:8, 2:20, 3:10. பழைய தமிழில் அவை தயை, தயவு, நற்குணம் என்று பிரிந்துவிட்டன. உறவுக்காக, கடமைக்கு மேலேயும் நின்று காட்டும் விசுவாசமே ஹெசெத். மூன்றையும் ஒரே சொல்லாக வாசித்தால் ரூத்தின் முதுகெலும்பு தெரியும்.

## படி 6: அந்த மண்ணை நம் மண்ணோடு ஒப்பிடுங்கள்

பொருந்தும் இடம். செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம். மழையைத் தேக்கி வாழ்ந்தவர்களுக்கு உபாகமம் 11 எளிது. எகிப்தில் காலால் நீர் பாய்ச்சிப் பயிரிட்டார்கள், நீங்கள் போகும் தேசமோ வானத்து மழையைக் குடிக்கும் என்கிறது அந்த அதிகாரம். வானம் பார்த்த பூமி என்று நம் கிராமத்தில் சொல்வது இதைத்தான். களம், போரடித்தல், தூற்றுதல், பதர் எல்லாம் வேதத்திலும் உண்டு. உப்பின் உடன்படிக்கை என்று எண்ணாகமம் 18 சொல்வதை 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று வளர்ந்தவர்கள் நொடியில் புரிந்துகொள்வார்கள். எபிரேயத்தில் அயின் என்றால் கண். அதே சொல்லுக்கு நீரூற்று என்றும் பொருள். எங்கேதி என்ற ஊர்ப்பெயரில் இருப்பது அதுவே. நாமும் ஊற்றுக்கண் என்கிறோம் அல்லவா?

பொருந்தாத இடம்: மழை. அங்கே மழை அக்டோபர், நவம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரலில் முடியும். தொடக்கம் யோரே, முடிவு மல்கோஷ். தமிழில் முன்மாரி, பின்மாரி. அதன்பின் கோடை முழுக்க வானம் வறண்டு கிடக்கும். 1 சாமுவேல் 12-ல் கோதுமை அறுப்பு நாளில் மழை பெய்ததும் ஜனங்கள் நடுங்குகிறார்கள். கோடை மழை நமக்குப் பழக்கம் என்பதால் அந்த நடுக்கத்தைத் தவறவிடுவோம்.

பொருந்தாத இடம்: கடல். நெய்தல் நிலத்தாருக்குக் கடல் தாய். பண்டைய எபிரேயர் மேய்ச்சலும் உழவும் செய்த மலைநாட்டு மக்கள். அவர்களுடைய பாட்டுகளில் கடல் அடிக்கடி குழப்பத்தின், அச்சத்தின் உருவமாக வரும். கடவுள் அதற்கு எல்லை போடுகிறார். திசையும் தலைகீழ். தரை கிழக்கே சரிவதால் நாம் கீழ், மேல் என்ற சொற்களிலிருந்து கிழக்கு, மேற்கு என்றோம். எபிரேயர் சூரியன் எழும் பக்கம் முகம் வைத்து நின்று பெயரிட்டார்கள். முன்புறம் என்று பொருள்படும் கெதெம் கிழக்கு. வலக்கை என்று பொருள்படும் யாமின் தெற்கு. பென்யமீன் என்ற பெயரில் இருப்பது அதுவே. மேற்குக்கு அவர்கள் சொன்ன சொல் யாம், அதாவது கடல். நெம்மேலியில் நின்று எபிரேய வரைபடத்தை நினைக்க வேண்டுமானால், கடலுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று, முன்னால் இருப்பதே கிழக்கு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

## படி 7: உறவுமுறையை நிதானமாக வாசியுங்கள்

யாக்கோபு லாபானின் மகள்களைக் கட்டுகிறான். லாபான் அவன் தாய் ரெபெக்காளின் அண்ணன் அல்லது தம்பி. ஆக ராகேலும் லேயாளும் மாமன் மகள்கள். தமிழ் வாசகருக்கு இதில் விந்தை ஒன்றுமில்லை.

எண்ணாகமம் 36-க்கு வாருங்கள். செலோப்பியாத்துக்கு ஐந்து மகள்கள், மகன் இல்லை. நிலம் கோத்திரத்தைவிட்டுப் போகாதபடி அவர்கள் தகப்பனுடைய சகோதரரின் மகன்களைக் கட்டுகிறார்கள். நமக்குச் சித்தப்பா, பெரியப்பா மகன் அண்ணன் தம்பி முறை. இங்கே திறவுகோல் பொருந்தாது. அங்கே முறையைத் தீர்மானித்தது நிலம்.

தமிழின் நுட்பம் மொழிபெயர்ப்பாளருக்குச் சில முடிவுகளைக் கட்டாயமாக்கும். எபிரேயத்தில் அண்ணனும் தம்பியும் ஆஹ் என்ற ஒரே சொல். நாம், நாங்கள் என்ற பிரிவும் இல்லை. அவன், அவர் என்ற மரியாதை வேறுபாடும் இல்லை. பழைய மொழிபெயர்ப்பில் ஆபிரகாம் 'அவன்' என்றால், அது அக்காலத் தமிழ் நடை. மூலத்தில் மரியாதைக்குறைவு இல்லை.

பழைய தமிழும் மாறிவிட்டது. ரூத்தில் போவாசைச் சுதந்தரவாளி என்பார்கள். அங்கே சுதந்தரம் என்றால் விடுதலை அல்ல, உரிமைச் சொத்து. எபிரேயத்தில் கோஏல்: விற்ற நிலத்தை மீட்கவும், இறந்தவன் பெயர் அழியாமல் காக்கவும் கடமைப்பட்ட நெருங்கிய உறவினர்.

## படி 8: பாட்டைப் பாட்டாகக் கேளுங்கள்

தமிழ்ச் செய்யுள் எதுகை மோனையால் கட்டப்படும். எபிரேயக் கவிதை ஒரு கருத்தைச் சொல்லி, அடுத்த அடியில் அதையே திருப்பி, கூட்டி, அல்லது எதிராக்கிச் சொல்லும். ராபர்ட் லோத் 1753-ல் வெளியிட்ட விரிவுரைகளில் இதை இணைநிலை என்று விளக்கினார். நம் ஊர் ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே துயரம் இரண்டாவது அடியில் வேறு உருவத்தில் திரும்பி வரும். எரேமியா 9-ல் புலம்பல் பாடும் பெண்களை வரவழைக்கிறார்கள். அவர்களை நாம் அறிவோம். ஆகவே ஒரு சங்கீதத்தை எடுத்ததும், இரண்டாவது அடி முதலடியை என்ன செய்கிறது என்று கேளுங்கள். சத்தமாக வாசியுங்கள்.

## படி 9: ரூத்தோடு ஏழு நாள்

- நாள் 1: 85 வசனத்தையும் ஒரே மூச்சில் வாசியுங்கள்.
- நாள் 2: முதல் அதிகாரம். திரும்புதல் என்ற பொருளுள்ள ஷூவ் என்ற வினை இதில் 12 முறை வருகிறது. யார் எங்கே திரும்புகிறார்கள் என்று குறியுங்கள்.
- நாள் 3: இரண்டாம் அதிகாரம். ஏழைக்காக வயலோரத்தை விட்டுவைக்கும் சட்டத்தை லேவியராகமம் 19-ல் பாருங்கள்.
- நாள் 4: மூன்றாம் அதிகாரம். 2:12-ல் கடவுளின் செட்டை, 3:9-ல் போவாசின் போர்வை. எபிரேயத்தில் இரண்டும் கனாப். கடவுளின் நிழலை வேண்டி வாழ்த்தியவனையே, அந்த நிழலாக இருக்கச் சொல்கிறாள் ரூத்.
- நாள் 5: நான்காம் அதிகாரம். ஊர்வாசலில் மூப்பர்கள் உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பதை நம் ஊர்ப் பஞ்சாயத்தோடு ஒப்பிடுங்கள்.
- நாள் 6: ஹெசெத் வரும் மூன்று இடங்களையும் நோட்டில் எழுதுங்கள்.
- நாள் 7: 1:21-ல் வெறுமையாய்த் திரும்பிய நகோமியையும், 3:17-ல் மாமியாரிடம் வெறுமையாய்ப் போகாதே என்று போவாசு ரூத்திடம் சொல்வதையும் சேர்த்து வாசியுங்கள். மூலத்தில் இரண்டும் ஒரே சொல்.

## தவிர்க்க வேண்டிய நான்கு பிழைகள்

வேர்ப்பொருளை எல்லா இடத்திலும் திணிப்பது. நாற்றம் ஒரு காலத்தில் நறுமணம். அதைக் கொண்டு இன்றைய பேச்சுக்குப் பொருள் சொல்ல முடியாது. சொல்லின் பொருளை அது நிற்கும் வாக்கியமே தீர்மானிக்கிறது.

ஒலி ஒத்தால் உறவு என்பது. 1 இராஜாக்கள் 10:22-ல் சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவரும் மயில்களைக் குறிக்கும் துக்கீயிம் என்ற சொல், தமிழ்த் தோகையிலிருந்து போனது என்று கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் எடுத்துக்காட்டினார். அதை ஏற்பவர்கள் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. அந்தக் கருத்துக்குப் பின்னால் வணிக வரலாறு இருக்கிறது. வெறும் ஒலி ஒற்றுமையை வைத்து எபிரேயமும் தமிழும் ஒரே மொழி என்று கிளம்புவது வேறு. அவை வெவ்வேறு மொழிக்குடும்பங்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பை இழிவாகப் பேசுவது. ஒரு சொல்லுக்கு மூன்று தமிழ்ச் சொல் வைத்தவர்கள் அறியாமல் வைக்கவில்லை. அந்தந்த இடத்தின் பொருளைக் காக்கவே அப்படிச் செய்தார்கள்.

யூதர்களை மறப்பது. எபிரேய வேதம் அவர்களுக்கு இன்றும் உயிருள்ள வேதம். ரூத்தை அவர்கள் வாரங்களின் பண்டிகையில் வாசிக்கிறார்கள். கொச்சியில் 1568-ல் எழுந்த பரதேசி ஜெப ஆலயத்துக்குப் போனால், இந்த எழுத்துகள் ஒரு சமூகத்தின் வாழ்வில் புழங்கிய இடத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

## அடுத்து எங்கே?

ரூத்துக்குப் பின் யோனா. அதன்பின் சங்கீதங்கள். முறையாகப் படிக்க விரும்பினால் சென்னை குருகுல் போன்ற இறையியல் கல்லூரிகளில் எபிரேயம் பாடமாக உண்டு.

கடைசியாக ஒரு பயிற்சி. ரூத்தின் முடிவில் குழந்தை பிறக்கிறது. நகோமி அதை மடியில் வைத்துக்கொள்கிறாள். பெயர் வைப்பது தாயும் அல்ல, தகப்பனும் அல்ல. அவளை மாராளாகக் கண்ட அதே ஊரின் அக்கம்பக்கத்துப் பெண்கள். அவர்கள் வைத்த பெயர் ஓபேத். வேர் அயின்–பேத்–தாலெத். ஒபதியா என்ற பெயரிலும் இதே வேர்தான், அதற்குக் கர்த்தருடைய ஊழியன் என்று பொருள். அப்படியானால் ஓபேத் யார்? கசப்பைச் சுமந்து திரும்பிய கிழவிக்கு அந்த ஊர் கொடுத்த பதில் என்ன? நோட்டை எடுத்து நீங்களே எழுதுங்கள். இப்போது உங்களுக்கு அது தெரியும்.